பெருஞ்சாலையும் பொய்ப் பட்டாவும்



காட்டைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று, அழைப்பு வந்த நாளிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். தாவரவியல் படித்தவனில்லை. புலி எண்ணப் போனவனில்லை. நில அளவைத் துறையில் சங்கிலி இழுத்து, கல் நட்டு, வரப்புச் சண்டைகளுக்கு நடுவே நின்று வயதானவன். அமேசானை நேரில் பார்த்ததும் கிடையாது. செயற்கைக்கோள் படங்களிலும் புத்தகங்களிலும் பார்த்ததுதான். ஆனால் அந்தப் படங்களை முதன்முதலாகப் பார்த்தபோது என் கண் மரங்களை விட்டுவிட்டு வேறொன்றில் போய் நின்றது. எனக்கு மிகவும் பழக்கமான ஒன்று. மனைப்பிரிவு.

ரொண்டோனியா என்ற பிரேசில் மாநிலத்தின் படம் அது. நடுவே ஒரு நெடுஞ்சாலை. அதிலிருந்து இரண்டு பக்கமும் கிளைச்சாலைகள், நூல் பிடித்ததுபோல, ஒரே இடைவெளியில். ஒவ்வொரு கிளையையும் ஒட்டிக் காடு போய் வெளுத்த பட்டைகள். பட்டைகளுக்கு நடுவே மிச்சப் பச்சை. அந்த ஊர்க்காரர்கள் இதை மீன்முள் என்கிறார்கள். சாப்பிட்டு முடித்தபின் இலையோரத்தில் கிடக்குமே, அதே முள்தான்.

சாலை போட்டால் காடு அழியும் என்று சொன்னால், உடனே ஒருவர் எழுந்து, "எத்தனை மரம் வெட்டுவார்கள் சார்?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,000 கிலோமீட்டர் சாலைக்கு 50 மீட்டர் அகலத்தில் காட்டை வழித்தெடுத்தால் போவது 50 சதுர கிலோமீட்டர். பிரேசில் அமேசானில் 2004ஆம் ஆண்டில் மட்டும் அழிந்த காடு 27,772 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல், ஒரே ஆண்டில். எந்தச் சாலையும் இவ்வளவு அகலம் இல்லை. ஆகவே சாலைக்காக வெட்டும் மரத்தை எண்ணிக்கொண்டிருந்தால் விஷயம் பிடிபடாது. ஆனால் அழிந்த இடங்களைக் குறித்து, அவை எங்கே இருக்கின்றன என்று ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். 2014இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, அழிவில் ஏறத்தாழ 95 சதவீதம் ஏதாவது ஒரு சாலையிலிருந்து ஐந்தரை கிலோமீட்டருக்குள், அல்லது படகு போகும் ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தது. அரசு போட்ட ஒவ்வொரு கிலோமீட்டர் சாலைக்கும், அரசுக்குத் தெரியாமல் போட்ட சாலை கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர் இருந்தது.

யார் போட்டார்கள் அந்த மூன்று கிலோமீட்டரை? எதற்காக?

இதற்கு விடை உங்கள் எல்லோருக்கும் தெரியும். நம் ஊரில் பைபாஸ் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பினாலே போதும். ஆணை வந்திருக்காது, அளவை நடந்திருக்காது. அதற்குள் கம்பங்கொல்லையில் கலர்க் கொடி ஏறிவிடும். மஞ்சள் அடித்த கல் முளைத்துவிடும். "பேருந்து நிலையத்துக்கு மிக அருகில்" என்று பலகை நிற்கும். பேருந்து நிலையம் எங்கே என்று கேட்கக் கூடாது. சாலை வருவதற்கு முன்பே சாலையின் விலை வந்துவிடுகிறது. அமேசானில் நடந்ததும் இதுதான். வித்தியாசம் ஒன்றே. இங்கே கொல்லைக்குச் சொந்தக்காரன் ஒருவன் இருப்பான். அங்கே அரசுப் புறம்போக்கு. எந்த வகைப்பாடும் செய்யாமல், காப்புக்காடு என்றும் எழுதாமல், பழங்குடி நிலம் என்றும் எழுதாமல் விட்ட பொதுக் காடு. இன்றைக்கும் அப்படிக் கிடப்பது 5 கோடி ஹெக்டேருக்கும் மேல்.

புறம்போக்கை எப்படிச் சொந்தமாக்குவது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. நம் வருவாய்த் துறையில் 1905ஆம் ஆண்டு ஆக்கிரமிப்புச் சட்டத்தின் கீழ் பி-மெமோ என்று ஒன்று கொடுப்பார்கள். "நீ ஆக்கிரமித்திருக்கிறாய், இந்தா தண்டத் தீர்வை" என்பது அதன் பொருள். ஆனால் அந்த ரசீதை ஆக்கிரமித்தவர் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்துக்கொள்வார். இருபது வருஷ ரசீதை அடுக்கிக்கொண்டு வந்து, "ஐயா, அனுபவத்தில் இருக்கிறேன், பட்டா கொடுங்க" என்பார். தண்டனைச் சீட்டே உரிமைச் சீட்டாகிவிடும். ஏழை வீடு கட்டிய அரை சென்ட்டுக்கு இது நியாயமாகக்கூட இருக்கலாம். பிரேசிலில் ஆயிரக்கணக்கான ஹெக்டேருக்கு இதே தந்திரம் நடந்தது. அங்கே அனுபவத்துக்குச் சாட்சி, வெட்டிய காடு. மரம் நின்றால் நிலம் சும்மா கிடக்கிறது என்று பொருள். விழுந்தால் நிலத்தில் ஒருவன் உழைத்திருக்கிறான் என்று பொருள். கோடாரிதான் பட்டா எழுதும் பேனா.

பொய்ப் பத்திரத்துக்கு அவர்கள் மொழியில் ஒரு சொல் இருக்கிறது: கிரிலாஜெம். கிரிலோ என்றால் சுவர்க்கோழி, இராத்திரியில் கத்துமே அந்தப் பூச்சி. புதிதாக எழுதிய பொய்ப் பத்திரத்தை ஒரு பெட்டிக்குள் போட்டு, நாலைந்து சுவர்க்கோழிகளையும் உள்ளே விட்டு மூடிவிடுவார்களாம். சில வாரத்தில் காகிதம் அரித்து, கறைபட்டு, பழுத்து, தாத்தா காலத்துப் பத்திரம் ஆகிவிடும். இங்கே டீத்தண்ணியில் நனைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சுவர்க்கோழி இன்னும் நேர்த்தி.

இனி கதைக்கு வருகிறேன்.

அமேசானுக்குள் நெடுஞ்சாலை போடும் ஆசை 1950களின் இறுதியில் வந்தது. புதிய தலைநகர் பிரசீலியாவை அமேசான் முகத்துவாரத்து பெலேமோடு இணைக்கும் சாலை அது. அதைக் கட்டிய பொறியாளர் பெர்னார்தோ சயாவோ, 1959 ஜனவரியில், சாலைக்காக வெட்டிய மரம் ஒன்று மேலே விழுந்து இறந்துபோனார். சாலை நிற்கவில்லை, மறு ஆண்டே திறந்தார்கள்.

பெரிய அடி 1970இல். நாட்டின் வடகிழக்கில் கடும் வறட்சி. இராணுவ ஆட்சித் தலைவர் மேதிசி நேரில் போய்ப் பசித்த முகங்களைப் பார்த்தார். அங்கே நிலம் இல்லாமல் இருக்கவில்லை. மைல் கணக்கில் நிலம் சில குடும்பங்களின் கையில் இருந்தது. அதைப் பிரித்துக் கொடுப்பதைவிட, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிக் காட்டுக்குள் சாலை போடுவது அரசியலுக்கு எளிது. "ஆளில்லா நிலத்தை நிலமில்லா ஆளுக்கு" என்பது முழக்கம். அக்டோபரில் அல்தமிரா ஊருக்கு அருகே ஒரு பெரிய மரத்தைச் சாய்த்து, அதன் அடிக்கட்டையில் கல்வெட்டுப் பதித்து, டிரான்ஸ் அமேசான் சாலையைத் தொடங்கினார்கள். அந்த இடத்துக்கு இன்றும் 'ஜனாதிபதியின் மரம்' என்றுதான் பெயர். மரம் நடுவதைப் படம் பிடிக்கும் தலைவர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் விசித்திரம். ஆனால் உள்ளதை உள்ளபடி சொன்ன விழா.

சாலையின் இருமருங்கிலும் குடும்பத்துக்கு 100 ஹெக்டேர். 5 கிலோமீட்டருக்கு ஒரு கிளைச்சாலை. ஒரு லட்சம் குடும்பங்களைக் குடியேற்றுவதாகத் திட்டம். பத்தில் ஒரு பங்குகூட வந்து தங்கவில்லை. வந்தவர்களை மலேரியா படுத்தியது. சில இடங்களில் நல்ல செம்மண், பல இடங்களில் மூன்று விளைச்சலுக்குத் தாங்காத மண். அறுத்த நெல்லைச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டிய மாதத்தில் சாலையே சேறாகிவிடும். விற்றுவிட்டுப் போனவர்களின் நிலத்தை மாட்டுக்காரர்கள் சேர்த்து வாங்கினார்கள். நிலமில்லாதவனுக்காகத் திறந்த காடு, நிலம் நிறைய உள்ளவனிடம் போய்ச் சேர்ந்தது. வந்த குடியேறிகளை நான் குற்றம் சொல்லமாட்டேன். கஞ்சிக்கு வழியில்லாதவனிடம் 100 ஹெக்டேர் என்று சொன்னால் அவன் போகத்தான் செய்வான்.

"ஆளில்லா நிலம்" என்றார்களே, அதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். குயாபாவிலிருந்து சான்தரேம் வரை வடக்கே போகும் பி.ஆர்.163 சாலையை 1970களில் இராணுவப் பொறியாளர் படைகள் போட்டன. அது பனாரா என்ற மக்களின் ஊர்களுக்குள்ளேயே போனது. வெளியுலகத் தொடர்பில்லாத அவர்களை, பழங்குடிகளிடையே பணியாற்றிய வில்லாஸ் போவாஸ் சகோதரர்கள் 1973இல் அணுகினார்கள். சாலை வந்து மோதுவதற்கு முன் நாமே போய்விடுவோம் என்ற நல்லெண்ணத்தில். இரண்டே ஆண்டுகளில் சளிக்காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் பெரும்பாலோரைக் கொன்றன. 1975இல் மிஞ்சிய 79 பேரை விமானத்தில் ஏற்றி ஷிங்கூ என்ற பழங்குடிப் பூங்காவில் இறக்கினார்கள். 1990களில் அவர்கள் தங்கள் பழைய நிலத்தின் மிச்சத்தைத் தேடித் திரும்பிப் போனார்கள். அரசின் மீது வழக்குப் போட்டு வென்று இழப்பீடும் வாங்கினார்கள். வரைபடத்தில் வெற்றிடமாக இருந்த இடத்தில் வழக்காட ஆள் இருந்தது இப்படித்தான் தெரியவந்தது.

அதே சாலையில் சினோப் என்று ஒரு நகரம் வளர்ந்து நிற்கிறது. சோயா வணிகத்தில் பெரிய பெயர். என்ன பொருள் என்று தேடினேன். ஆற்றின் பெயரில்லை, சாமியின் பெயரில்லை. அந்த நிலத்தை வாங்கிக் கூறுபோட்டு விற்ற மனை வணிக நிறுவனத்தின் முதலெழுத்துகள். நம் ஊர் நகர்களுக்காவது முதலாளியின் அம்மா பெயரை வைப்பார்கள்.

காடு மாடாவது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் வருகிறவன் மரக்காரன். மஹோகனியையும் ஈப்பே மரத்தையும் தேடித் தடம் போடுவான். அங்கொன்றும் இங்கொன்றுமாக மரம் எடுப்பான். அவன் போட்ட தடத்தில் அடுத்தவன் வருவான். கோடை தொடங்கும்போது மிச்சத்தைச் சாய்த்து, காயவிட்டு, ஆகஸ்ட், செப்டம்பரில் தீ வைப்பான். சாம்பலில் ஆப்பிரிக்கப் புல் விதைப்பான். அப்புறம் மாடு. இந்த மாட்டின் இனம் நெலோரே. ஆம், நெல்லூர்தான். அன்றைய மதராஸ் மாகாணத்து நெல்லூர்ச் சீமையிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் கப்பலேறிய திமில் மாடுகளின் வம்சம். வெயிலையும் உண்ணியையும் தாங்கும் என்பதால் இன்று பிரேசிலின் மாடுகளில் பெரும்பகுதி அதுவே. ஆனால் கவனியுங்கள், பல இடங்களில் அந்த மாடு பாலுக்கும் இல்லை, முதலில் கறிக்கும் இல்லை. அது நடமாடும் எல்லைக்கல். ஒரு ஹெக்டேரில் ஒரே ஒரு மாடு நின்றால் போதும், நிலம் அனுபவத்தில் இருக்கிறது. காடாக விற்றால் வரும் விலையைவிடப் புல்வெளியாக விற்றால் பல மடங்கு.

பிறகு சட்டம் வரும். 2004க்கு முன் பிடித்தவர்களுக்கு ஒழுங்குபடுத்திக் கொடுக்க 2009இல் ஒரு சட்டம். அந்தக் காலக்கெடுவைத் தளர்த்த 2017இல் இன்னொன்று. நம் வரன்முறைத் திட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இதன் விளைவு தெரியும்: ஒரு முறை மன்னித்தால், அடுத்த மன்னிப்பை எதிர்பார்த்தே கல் நடுவார்கள். பி.ஆர்.163 ஓரத்து நோவோ ப்ரோக்ரெஸ்ஸோ என்ற ஊரில் 2019 ஆகஸ்ட் 10ஆம் தேதியைத் தீ வைக்கும் நாளாகப் பேசிவைத்துக்கொண்டார்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் முன்கூட்டியே செய்தி வந்தது. சொன்ன நாளில் தீ எரிந்தது. ஊரின் பெயருக்குப் பொருள் 'புதிய முன்னேற்றம்'.

இந்த இடத்தில் ஒரு கிளைச்சாலையில் திரும்ப அனுமதியுங்கள். அமேசானுக்குள் போக்குவரத்துக் கனவு மோட்டார் வண்டியோடு தொடங்கியதில்லை. 1907 முதல் 1912 வரை, இதே ரொண்டோனியாவில், மதெய்ரா ஆற்றின் அருவிகளைச் சுற்றி 366 கிலோமீட்டர் இருப்புப்பாதை போட்டார்கள். பொலிவியாவின் ரப்பரை வெளியே கொண்டுவர. கட்டைக்கு ஓர் உயிர் என்று அதைப் பற்றிச் சொல்வார்கள். சயாம் மரண ரயிலில் பாட்டன்மாரைப் பறிகொடுத்த தமிழ்க் குடும்பங்களில் இதே வாக்கியத்தைக் கேட்டிருப்பீர்கள். பாதை முடிந்த சமயத்தில் ரப்பர் விலை சரிந்துவிட்டது. காரணம்? 1876இல் விக்காம் என்ற ஆங்கிலேயர் தபஜோஸ் ஆற்றங்கரையிலிருந்து கொண்டுபோன ரப்பர் விதைகள். லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, இலங்கைக்கும் மலாயாவுக்கும் வந்து, தோட்டங்களாகிப் பால் கறக்கத் தொடங்கியிருந்தன. மலாயாவில் அந்தப் பாலை வெட்டிய கைகள் பெரும்பாலும் நம்முடையவை. தஞ்சாவூரிலும் திருச்சியிலும் கங்காணி பிடித்துக் கப்பலேற்றியவர்கள், தங்களுக்குத் தெரியாமலேயே, உலகத்தின் மறுகோடியில் ஒரு ரயிலைத் துருப்பிடிக்க வைத்தார்கள். அந்த மாநிலத்துக்குள் பிறகு வந்ததுதான் பி.ஆர்.364 நெடுஞ்சாலை. உலக வங்கிக் கடனில் 1984இல் தார் போட்டு, நான் முதலில் சொன்ன மீன்முள்ளை வரைந்த சாலை. எதிர்ப்பு வலுத்ததும் 1985இல் வங்கி பணத்தை நிறுத்திவைத்தது. அதே சாலை அக்ரே மாநிலத்துக்குள் நீள்வதை ரப்பர் வெட்டும் தொழிலாளி சிக்கோ மெண்டிஸ் எதிர்த்தார். சாலையே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. நாங்கள் வாழும் காட்டை எங்கள் பேரில் முதலில் எழுதிவை, பிறகு சாலை போடு என்பதே அவர் கேட்டது. 1988 டிசம்பர் 22 அன்று ஷப்பூரியில் அவரை வீட்டின் பின்வாசலில் சுட்டுக் கொன்றார்கள். ஆனால் அவர் கேட்ட முறை சட்டமானது. ரப்பர் வெட்டுவோருக்கான காப்பகங்கள் பின்னர் வந்தன.

முதலில் எழுதிவை, பிறகு போடு. இந்த வரிசையைத்தான் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன், ஏனென்றால் ஒரு முறை அது பலித்தது. 2004இல் மெரினா சில்வா சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்தபோது ஒரு பெரிய திட்டம் தொடங்கினார்கள். செயற்கைக்கோளில் அவ்வப்போது பார்த்து ஆட்களை அனுப்பினார்கள். விதியை மீறினால் விவசாயக் கடனை மறுத்தார்கள். 2006இல், பி.ஆர்.163இன் வடபகுதிக்குத் தார் போடும் பேச்சு நடக்கும்போதே, சாலையின் ஓரத்துப் புறம்போக்கில் லட்சக்கணக்கான ஹெக்டேரைத் தேசியக் காடாகவும் பூங்காவாகவும் அறிவித்தார்கள். அதே ஆண்டில் சோயா வியாபாரிகள் புதிதாகக் காடழித்த நிலத்து விளைச்சலை வாங்கமாட்டோம் என்று ஒப்புக்கொண்டார்கள். 27,772 என்ற எண் 2012இல் 4,571ஆக இறங்கியது. சாலைகளை யாரும் தோண்டி எடுக்கவில்லை. இந்த நிலத்துக்குப் பட்டா வராது என்ற எண்ணம் மட்டும் ஊருக்குள் பரவியது. அது போதுமாக இருந்தது. பிறகு 2012இல் வனச் சட்டத்தைத் திருத்திப் பழைய வெட்டுகளில் பலவற்றை மன்னித்தார்கள். மேலே ஆட்சியும் மாறியது. 2021இல் எண் 13,038. மறுபடி கண்காணிப்பு இறுகியதும் 2024இல் 6,288. சாலைகளின் நீளம் இந்த ஆண்டுகளில் குறையவே இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

இப்போது எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பது பி.ஆர்.319. மனவுஸ் நகரையும் போர்தோ வெல்யோவையும் இணைக்கும், சுமார் 880 கிலோமீட்டர் சாலை. 1970களில் தார் போட்டுத் திறந்தது. பராமரிக்காமல் விட்டதில் 1988 வாக்கில் பேருந்தே நின்றுபோனது. நடுவே 400 கிலோமீட்டர் இன்றும் மண். 20 லட்சம் பேர் வாழும் நகரத்துக்குத் தெற்கே போக நல்ல தரைவழி கிடையாது. 2021 ஜனவரியில் மனவுஸ் மருத்துவமனைகளில் ஆக்சிஜன் தீர்ந்து நோயாளிகள் மூச்சுத் திணறிச் செத்தபோது, ஆக்சிஜன் ஏற்றிய லாரிகள் இந்தச் சேற்றில்தான் ஊர்ந்தன. 2022இல் இதே சாலையில் பாலம் இடிந்து ஆட்கள் இறந்தார்கள். அந்த ஊர்க்காரரிடம் போய்க் காடு முக்கியம், சாலை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. 2022இல் முதற்கட்ட உரிமம் கொடுத்தார்கள். 2024இல் ஒரு நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. வழக்கு மேலும் கீழும் போய்வந்தது.

மனவுஸில் பல பத்தாண்டுகளாக ஆய்வு செய்த பிலிப் ஃபேர்ன்சைட் போன்றவர்களின் கவலை அந்தச் சாலையின் 400 கிலோமீட்டர் மீது மட்டும் இல்லை. இதுவரை காடழிப்பு பெரும்பாலும் நடந்தது அமேசானின் தெற்கு, கிழக்கு விளிம்பில். இந்தச் சாலை அந்த விளிம்பை நடுக்காட்டோடு இணைக்கும். அதிலிருந்து மேற்கே மாநிலச் சாலைகள் ஏற்கெனவே காகிதத்தில் இருக்கின்றன. அந்த மேற்குப் பகுதியின் காட்டிலிருந்து எழும் ஈரம்தான் தெற்கே சாவ் பாவ்லோ வரை மழையாகப் போகிறது. நில அளவைக்காரனாக நான் கேட்பது ஒன்றுதான்: சாலையோரப் புறம்போக்கின் ஒவ்வொரு துண்டும் யார் பேரில், என்ன வகைப்பாட்டில் எழுதப்பட்டிருக்கிறது? சாலைத் திட்டத்தின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டியது அந்தப் பதிவேடு. ஜல்லியும் தாரும் அதற்குப் பின்னால் வரட்டும். பதிவேடு எழுத ஆளில்லை, தார் காய்ச்ச மட்டும் ஆள் இருக்கிறது என்றால், அது சாலைத் திட்டமாக இராது.

மனவுஸிலிருந்து வடக்கே போகும் இன்னொரு சாலையைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். பி.ஆர்.174. 1970களில் வைமிரி அத்ரொவாரி மக்களின் நிலத்தின் ஊடே இராணுவம் போட்டது. அந்தக் காலத்தில் அம்மக்கள் கொல்லப்பட்டதைப் பற்றி நாட்டின் உண்மை ஆணையம் 2014இல் எழுதியிருக்கிறது. 1980களின் பிற்பகுதியில் அவர்கள் 400 பேருக்கும் கீழே போயிருந்தார்கள். இன்று 2,000ஐத் தாண்டிவிட்டார்கள். தங்கள் நிலத்தில் ஓடும் சுமார் 125 கிலோமீட்டருக்கு அவர்கள் காத்துவரும் விதி ஒன்று உண்டு. மாலை 6 மணிக்குச் சாலையின் குறுக்கே சங்கிலி. காலை 6 மணிக்குத் திறப்பு. இரவில் விலங்குகள் அடிபடக் கூடாது என்பதற்காக. ஆம்புலன்சும் பேருந்தும் கெட்டுப்போகும் சரக்கும் போகலாம். திம்பம் மலைப்பாதையில் 2022இல் உயர் நீதிமன்ற ஆணையால் வந்த இரவுக் கட்டுப்பாட்டுக்கு நம் மக்களிடம் எழுந்த முணுமுணுப்பு அங்கேயும் உண்டு. 2020 பிப்ரவரியில் ஒரு மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் மரம் அறுக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்து, கேமரா முன்னால், அந்தச் சங்கிலியை அறுத்தார்.

அவர்கள் வேறு சங்கிலி வாங்கிக் கட்டினார்கள்.